முசுடு கடைக்கு வழி

அந்தக் கடையின் பலகையில் அழகான பெயர் ஒன்று எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. முசுடு கடை என்று கேட்டால் மூன்று தெருவுக்கு அப்பாலிருந்தே கை நீட்டுவார்கள். கிட்டார், வயலின், புல்லாங்குழல், தந்தி, வில்லில் தேய்க்கும் பிசின், தோளில் மாட்டும் பட்டை என்று மனிதன் முறையாகச் சத்தம் எழுப்ப என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் ஒரே அறைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். நடுவில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். உள்ளே வருகிறவரை அவர் "வாங்க" என்று கூப்பிட்டதாகச் சரித்திரம் கிடையாது. "என்ன?" என்பார். அதுவும் நல்ல நாளில்.

அவருடைய தங்கைக்கு வீட்டில் இன்னும் சின்னவள் என்றுதான் பெயர். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். கடைக்கு மேலே மாடியில் அவளுக்கு ஓர் அறை. கடைக்குப் பின்கட்டில் அண்ணனும் அண்ணியும். மூவருக்கும் சமையல் ஒரே அடுப்பில்தான்.

பதினாறு வருஷம் அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் கடையைப் பார்த்தார்கள். அவர் உள்ளே உட்கார்ந்து பழுது பார்ப்பார். அவள் முன்னால் நின்று விற்பாள். ஒருநாள் ஓர் அம்மாள் மகளுக்கு வயலின் வாங்க வந்தாள். சின்னவள் ஒரு மணி நேரம் மெனக்கெட்டு, கைநீளம் அளந்து, தோளில் வைத்துக் காட்டி, பெட்டியை மூடப்போனாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாருங்க. வயலின் அதுக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா? வீட்டுக்குப் போய் அதைக் கேட்டுட்டு அப்புறம் வாங்க."

அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. மகளை இழுத்துக்கொண்டு போனவள் போனவள்தான்.

"நீங்க சொன்னது சரியாவே இருக்கட்டும்ண்ணா. சொல்ற முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இளிச்சு இளிச்சுத் தலையில கட்டுறதுதான் வியாபாரம்னா, நீ அந்தப் பெரிய கடைக்கே போய் இளி."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் வெளியே தெரியவில்லை. சின்னவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். அடுத்த திங்கட்கிழமையே பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அது நடந்து ஆறு வருஷம்.

பெரிய கடை என்றால் நிஜமாகவே பெரிய கடை. ஊருக்கு ஊர் கிளை உண்டு. இரண்டாம் மாடியில் துணி துவைக்கும் இயந்திரங்களைத் தாண்டினால் இசைக்கருவிகள். அதையும் தாண்டினால் வாடிக்கையாளர் சேவை என்று எழுதிய நீளமான கவுண்டர். டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். எண் வந்ததும் எழுந்து போனால், "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று நீல நிறக் கோட்டுப் போட்ட சின்னவள் கேட்பாள். அடுத்த கேள்வி, "ரசீது இருக்குங்களா?" அதனால் அங்கே அவளுக்கு ரசீதக்கா என்று பெயர் வந்துவிட்டது. பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் வருவார்கள். போகும்போது எப்படியோ சமாதானமாகிப் போவார்கள். அதில் சின்னவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. பெருமையை வீட்டில் சொல்லிக்கொள்ள வழியில்லை. "உப்பை எடு", "கதவைச் சாத்து", "மழை வருது, துணியை எடு" என்பது வரைதான் அண்ணனுக்கும் அவளுக்கும் பேச்சு. கடைப் பேச்சு வந்தால் அண்ணி சாதக்கரண்டியை ஓங்கிக்கொண்டு நடுவில் வந்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் ரொட்டிக்காரர் மூன்றாவது முறையாக வந்தார்.

ஐம்பது வயது மனிதர். ரொட்டி சுடும் இடத்தில் அடுப்புக்குப் பொறுப்பு. குளித்துவிட்டு வந்தாலும் புருவத்தில் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்தில் இரண்டு கிட்டார் வாங்கி, இரண்டையும் பதினான்கு நாள் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்திருந்தார். இப்போது மூன்றாவது. காரணம் கேட்டால் மூன்று தடவையும் ஒரே பதில்தான்: "கைக்குச் சரிப்படலை."

"ஓசியில வாசிச்சுப் பழகுறார் போல. அடுத்த வருஷம் கச்சேரியே வச்சிடுவார்" என்று விற்பனைப் பிரிவில் சிரித்துக்கொண்டார்கள்.

கணினியில் அவர் எண்ணைத் தட்டியதும் மஞ்சள் கட்டம் ஒன்று எழும்பியது. இதோடு மூன்று, இனி இவரிடமிருந்து எதையும் திருப்பி எடுக்கக் கூடாது. அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட அச்சடித்து வைத்திருந்தார்கள். சின்னவள் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது ரொட்டிக்காரர் கிட்டார் பெட்டியைக் கவுண்டர்மேல் தூக்கி வைத்தார். ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை. சட்டைப்பையிலேயே கிடந்த இடது கையை ஒரு நொடி வெளியே எடுத்துப் பெட்டிக்கு முட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு நின்றிருந்தன.

சின்னவள் அச்சடித்த தாளை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"வாசிக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்னு சொல்லுங்களேன்" என்றாள் மெதுவாக.

அவர் பின்னால் இருக்கும் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். மாவு பிசையும் இயந்திரத்தில் கை மாட்டிப் பன்னிரண்டு வருஷம். அதற்கு முன்னால் நண்பர்களோடு சேர்ந்து நன்றாகவே வாசித்தவர். இப்போது பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். மறுபடி ஆசை வந்துவிட்டது. கழுத்து ஒல்லியான கிட்டாராகக் கிடைத்தால் மிச்சமிருக்கும் விரலைக்கொண்டு தந்தியை அழுத்திவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

"விக்கிறவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? எல்லாம் சின்னச் சின்னப் பசங்க. பாத்தா சிரிப்பாங்களோன்னு…"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். இதை யோசிக்கவே கூடாது என்று அவளுக்குத் தெரியும். வேறு கடையின் பெயரைச் சொல்வது குற்றம். சொந்த அண்ணன் கடையைச் சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். ஆனாலும் அவர் கையிலிருந்த டோக்கன் சீட்டை வாங்கித் திருப்பிப்போட்டு அதன் முதுகில் வழியை எழுதினாள்.

"இந்தக் கிட்டாரைத் திருப்பிக் குடுக்காதீங்க. நல்ல கிட்டார்தான். மத்தியானத்துக்கு மேல இதையே தூக்கிக்கிட்டு இந்த இடத்துக்குப் போங்க. முசுடு கடைன்னு கேளுங்க. அவர் திட்டுவார்."

"திட்டுவாரா?"

"கண்டிப்பாத் திட்டுவார். திட்டி முடியிற வரைக்கும் நகராதீங்க. திட்டி முடிச்சப்புறம்தான் வேலையே பாப்பார். நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அன்று அவளுக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. ஒருவேளை அந்த மனிதர் அண்ணனுடைய வாய்க்குப் பயந்து பாதியிலேயே ஓடிவிட்டால்? வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தாள். மாடிப்படி கடையின் பின்சுவரை ஒட்டித்தான் ஏறுகிறது. நாலாவது படியில் உட்கார்ந்தால் கடையில் பேசுவது அத்தனையும் கேட்கும். ஆறு வருஷமாக அந்தப் படியில் அவள் ஒருநாளும் நின்றதில்லை. அன்று உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் கடை வாசலில் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"என்ன?" என்றது அண்ணன் குரல்.

ரொட்டிக்காரர் என்னவோ முனகினார்.

"வாய்க்குள்ளயே பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்? கையில என்ன? காட்டுங்க. அட, காட்டுங்கன்னா! பையில என்ன புதையலா வச்சிருக்கீங்க?"

ரொட்டிக்காரர் தணிந்த குரலில் மாவு இயந்திரத்தையும் பன்னிரண்டு வருஷத்தையும் சொன்னது படிவரை கேட்டது.

"இந்தக் கைக்கு ஒரு கிட்டாரும் ஆகாது" என்றார் அண்ணன். "ஒல்லிக் கழுத்தும் ஆகாது, குட்டைக் கழுத்தும் ஆகாது. உலகத்துல இருக்கிற அத்தனை கடையிலயும் ஏறி இறங்கினாலும் ஆகாது."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து இரண்டு படி இறங்கிவிட்டாள். பெட்டியின் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

"எங்க கிளம்பிட்டீங்க? நான் இன்னும் பேசி முடிக்கலையே! இந்தக் கைக்கு ஆகாதுன்னுதானே சொன்னேன்? அந்தக் கை என்ன பாவம் பண்ணிச்சு? தந்தியை அழுத்துற வேலையை வலது கைக்குக் குடுங்க. மீட்டுற வேலையை இதுல மிச்சமிருக்கிற விரலும் கட்டைவிரலும் பாத்துக்கும். பன்னெண்டு வருஷமா இது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணிச்சுங்க" என்றார் ரொட்டிக்காரர். "ஆனா இந்தக் கைக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியாதே. மறுபடி ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஆரம்பிக்கணுமேன்னு…"

"ஆமா, ஆரம்பிக்கணும். அதுல என்ன அவமானம்? ஒரு வருஷத்துக்குக் கேக்கச் சகிக்காது, அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரங்க காதுல பஞ்சு வச்சுக்கட்டும். கிட்டாரைக் குடுங்க இப்படி. தந்தியை எல்லாம் வரிசை மாத்திக் கட்டணும். மேல தந்தி படியிற துண்டைப் புதுசா இழைச்சு வைக்கணும். வியாழக்கிழமை வாங்க. சும்மா வராதீங்க, வலது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கிட்டு வாங்க."

ரொட்டிக்காரர் சிரித்தாரா அழுதாரா என்று படியிலிருந்து தெரியவில்லை. சின்னவள் சத்தம் போடாமல் மாடிக்கு ஏறிப் போய் முகம் கழுவிக்கொண்டாள். அன்று சாப்பிடும்போது அண்ணன் கேட்காமலே அவர் தட்டில் இரண்டாவது கரண்டி சாதம் வைத்தாள். அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ரொட்டிக்காரர் நன்றியுள்ள மனிதர். சில நாட்கள் கழித்துப் பெரிய கடைக்கு வந்து, கருத்துப் பெட்டியில் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதிப் போட்டுவிட்டுப் போனார்.

காலையில் கடை திறக்குமுன் பத்து நிமிஷம் கூட்டம் நடக்கும். மாடிக்குப் பொறுப்பான மேலாளர் வந்த பாராட்டுகளைப் படிப்பார். அன்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார்: "‘உங்கள் கடையில் மனிதரை மனிதராகப் பார்க்கும் ஓர் அம்மா இருக்கிறார்கள்.’ எல்லாரும் கை தட்டுங்க!" எல்லோரும் தட்டினார்கள். "‘அவர்கள் என் கையைப் பார்த்தார்கள். என்னிடம் காரணம் கேட்டார்கள். பிறகு உங்கள் கடையில் எனக்கு ஆகாது என்று சொல்லி’…" மேலாளரின் வேகம் குறைந்தது. "‘முசுடு கடைக்கு’…" அதற்குமேல் அவர் மனதுக்குள்ளேயே படித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் சின்னவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"முசுடு கடைங்கிறது யாரோடது?"

"என் அண்ணனோடது சார்."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை. "ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? வேற எந்தக் கடையா இருந்தாலும் தெரியாமச் சொல்லிட்டாங்கன்னு எழுதிடுவேன். இப்ப நான் தலைமை அலுவலகத்துக்கு என்ன எழுதுறது?"

"நடந்ததை எழுதுங்க சார்."

பதில் வரும்வரை அவள் கவுண்டரில் நிற்கக் கூடாது என்றாகிவிட்டது. சரக்கறைக்குப் போய்ப் பெட்டிகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஜன்னல் இல்லாத அறை. எப்படி உதவலாம் என்று கேட்க அங்கே ஒரு ஜீவன் இல்லை. வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை.

ஒரு வாரம் போனது. ரொட்டிக்காரர் அவளை நேரில் பார்த்து நன்றி சொல்ல வந்தவர், கவுண்டரில் அவளைக் காணாமல் விசாரித்து, அது அவள் அண்ணனின் கடை என்றும் தன் கடிதத்தால் வந்த வினை என்றும் தெரிந்ததும் பதறிப்போனார். வாழ்த்தப் போய் வம்பில் மாட்டிவிட்டோமே என்று நேரே முசுடு கடைக்கு ஓடி எல்லாவற்றையும் கொட்டினார். வேறு எங்கே போவார்?

மறுநாள் பெரிய கடையில் கூட்டம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் மேலாளர் சின்னவளைச் சரக்கறையிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினார். அவள் எண்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அடுத்து வந்தவர் கீபோர்டைக் கவுண்டர்மேல் தொப்பென்று போட்டார். "சத்தமே வரலை! ஏமாத்துறீங்களா? ஒரு வாரத்துல செத்துப்போச்சு!" மாடி முழுக்கக் கேட்டது. சின்னவள் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டாள். மின்சாரத்தில் மாட்டினாள். பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ஹெட்போன் துளைக்குள் உடைந்த முனை ஒன்று சிக்கியிருந்தது. அது இருக்கும்வரை ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீபோர்டு வாயைத் திறக்காது. இடுக்கியால் அதை மெல்ல இழுத்துக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இப்ப அழுத்திப் பாருங்க."

சத்தம் வந்தது. அவர் விழித்தார்.

"சத்தமே வரலைன்னு நீங்க தெளிவாச் சொன்னதாலதான் எங்க பாக்கணும்னு எனக்குப் பிடிபட்டுச்சு" என்றாள் சின்னவள். "வீட்டுல குழந்தைங்க இருந்தா ஹெட்போனைக் கழட்டும்போது மட்டும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க."

வந்த வேகமெல்லாம் போய், அவர் கீபோர்டைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி…" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை. படிய வாரிய தலை. கையில் டோக்கன்.

"என்னண்ணா இங்க?"

"ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன். வாடிக்கையாளர். மரியாதையாப் பேசு" என்றார் அண்ணன். பிறகு கீபோர்டுக்காரர் போன திசையைப் பார்த்தார். "நானா இருந்தா அந்தாளைக் கழுதைன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"கழுதைன்னு சொல்லியிருந்தா அந்தாள் இனி கடைப்பக்கமே வர மாட்டான்."

"அதுவும் தெரியும்."

அண்ணன் கொஞ்ச நேரம் டோக்கனை மடித்து மடித்துப் பிரித்தார். "இது இளிப்பு இல்ல" என்றார், அவளைப் பார்க்காமல். "இத்தனை நாளா எனக்குத் தெரியலை."

சின்னவள் அந்த டோக்கனை வாங்கிக் கவுண்டர்மேல் நீவி வைத்தாள். அதற்குள் கவுண்டரில் ஏன் தாமதம் என்று மேலாளரே வந்துவிட்டார். அண்ணன் தான் யார் என்று சொன்னார். தங்கை மேல் தப்பில்லை என்றார். மேலாளர் சங்கடப்பட்டார், ஆனாலும் கேட்டேவிட்டார்: "கோவிச்சுக்காதீங்க. இங்கேருந்து ஆள் அனுப்புறதுக்கு இவங்களுக்கு ஏதாவது கமிஷன் உண்டான்னு மேலேருந்து கேக்குறாங்க."

அண்ணனின் காது மடல் சிவந்தது. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி மாடி இரண்டாகப் போகிறது என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது அண்ணன் மூலையிலிருந்த குடிநீர்க் குழாயில் ஒரு குவளை தண்ணீர் பிடித்து நின்றபடியே முழுவதும் குடித்துக்கொண்டிருந்தார். குவளையைப் போட்டுவிட்டு வந்து சொன்னார்:

"தம்பி, கடை விஷயமா இவளுக்கும் எனக்கும் ஆறு வருஷமாப் பேச்சே கிடையாது. உப்பைக் கேட்டா எடுத்துக் குடுப்பா. கமிஷன் கேக்கணும்னாலும் வாயைத் திறந்து பேசணுமில்ல?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேலாளரும் சிரித்தார்.

"இன்னொண்ணு" என்றார் அண்ணன். "அந்த ரொட்டிக்காரரோட கஷ்டத்தை நான் பத்து நிமிஷத்துல தீர்த்தேன். ஆனா அவர் பையிலேருந்து கையை வெளிய எடுக்க வச்சது இவ. என் கடைக்கு நேரா வந்திருந்தா நான் ‘என்ன’ன்னு கேட்ட கேள்விக்கே ஓடியிருப்பார். இவ சொல்லி அனுப்பினதாலதான் நின்னார். இதையும் எழுதிக்குங்க."

மேலாளர் எழுதினார். பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி இப்படிச் செய்யக் கூடாது என்று மூன்று பத்தி. கூடவே, மறுபடி கவுண்டருக்குப் போகலாம் என்று ஒரு வரி. கிட்டத்தட்ட அதே வாரத்தில் மேலாளர், கடையில் செய்யாத பழுது வேலைகளுக்கு வெளியே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கவுண்டரில் ஒட்டினார். மற்ற வேலைகளுக்கு நாலைந்து பேர். தந்திக் கருவிகளுக்கு ஊரில் இருந்தவர் ஒரே ஒருவர்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பேசாம நம்ம கடைக்கே வந்துடேன்."

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டினாள். "வேண்டாம்ண்ணா. எனக்கு அங்க பிடிச்சிருக்கு. ஒரு நாளைக்கு எழுபது பேர் வராங்க. எழுபது பேருக்கும் எழுபது கதை."

அண்ணன் முகம் தொங்கிப்போனது. அவருக்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. ஆகவே அன்று வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். புல்லாங்குழலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சத்தம் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கடைப் பேச்சுதான். "நீங்க பேசாம இருந்தப்பவாவது நான் நிம்மதியாச் சாப்பிட்டேன்" என்று அண்ணி புலம்பத் தொடங்கினாள். ஆனாலும் யாராவது கதையைப் பாதியில் விட்டால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று முதலில் கேட்பதும் அவள்தான்.

எட்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில் ரொட்டிக்காரர் மூவரையும் தன் வேலையிடத்துக்குக் கூப்பிட்டார். முதல் சூட்டு ரொட்டிகள் தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தன. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, கிட்டாரை மறுபக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்ன மெட்டை வாசித்தார். இரண்டு இடத்தில் நின்றார். ஓர் இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். முடிந்ததும் அவருடன் வேலை செய்பவர்கள் கையில் மாவோடு தட்டினார்கள்; வெள்ளையாகப் புகை பறந்தது.

அண்ணன் வாயைத் திறந்தார். சின்னவள் அவர் காலை மிதித்தாள்.

"நல்லா இருந்துச்சு" என்றார் அண்ணன்.

ரொட்டிக்காரர் முகம் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

"மூணாவது தந்தி மட்டும் சுருதி இறங்கியிருக்கு" என்றார், முடிந்தவரை மெதுவாக. "குடுங்க, ஏத்தித் தரேன்."